பெயரிடப்பட்ட ஒரு குளவி

மூங்கில்துறைப்பட்டுச் சுற்றுவட்டாரத்தில் கரும்பும், கல்வராயன் மலைப்பக்கம் குச்சிக்கிழங்கும் மக்களின் பிழைப்பு. ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் கிழங்கு விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார்: "சாமி, மாவுப்பூச்சியைக் கொல்ல ஒரு குளவியை விடுறாங்க. அது பூச்சியோட உடம்புக்குள்ள முட்டை வைக்குமாம். புழு உள்ளேயிருந்தே தின்னு வெளிய வருமாம். நமக்கு நல்லதுதான். ஆனா, நல்ல கடவுள் இப்படி ஒண்ணைப் படைச்சிருப்பாரா?"

இதே ஐயத்தைத்தான் டார்வின் 1860-இல் தம் நண்பர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் வெளியிட்டார். விசுவாசம் இக்கேள்விக்கு அஞ்சி ஒதுங்கலாகாது.

அக்குளவியின் வரலாற்றை முதலில் பார்ப்போம். இரண்டு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத அதை, அர்ஜென்டினாவின் பூச்சியியலார் லூயிஸ் தே சாந்திஸ் 1964-இல் புதிய இனமென விவரித்துப் பெயரிட்டார். 'அனகைரஸ் லோபெசி' என்பது அதன் இன்றைய பெயர். அதனால் யாருக்கு என்ன பயன் என்று அன்று எவரும் அறியார். 1970-களில் தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குள் புகுந்த மாவுப்பூச்சி, ஏழைகளின் உணவான மரவள்ளியை அழித்தது. அதன் இயற்கை எதிரியைத் தேடியவர்கள் முதலில் ஏமாந்தார்கள். அவர்கள் கண்டது உருவில் ஒத்த வேறோர் இனம். இரண்டும் வெவ்வேறு என வகைப்பாட்டியலார் தெளிந்தனர். உண்மையான மாவுப்பூச்சியும் இக்குளவியும் 1981-இல் பராகுவே நாட்டில் கிடைத்தன. குளவி ஆப்பிரிக்காவில் பரவியது, பஞ்சம் தணிந்தது.

2020-இல் அதே மாவுப்பூச்சி கேரளத்தில் காணப்பட்டது, தமிழகத்தையும் தாக்கியது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து குளவியைத் தருவித்தது. 2022 மார்ச்சில் அது சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடுவிக்கப்பட்டது.

பதினேழு ஆண்டுகள் பயனறியாது கிடந்த ஒரு பெயர், பின்னர் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறானது. அக்குளவி வாழ்ந்த இடம் அதற்குள் அழிந்திருந்தால்? தொடக்கநூலில் ஆதாம் உயிரினங்களுக்குப் பெயரிட்டது ஆளும் செருக்கினால் அன்று. ஒவ்வொன்றையும் உற்று நோக்கி அறிந்ததன் அடையாளம் அது. பெயர் அறியாமல் அழிப்பவன், தான் எதை இழந்தான் என்பதையும் அறியான்.

ஆயினும் பயனை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் நாம் வழி தவறுவோம். நமக்கு உதவாத குளவி எதற்கு என்ற கேள்வி உடனே எழும். இறைவனின் நன்மையை ஒரே படைப்பு முழுமையாகக் காட்ட இயலாததால்தான் அவர் பலவற்றைப் படைத்தார் என்றார் புனித தாமஸ் அக்குவினாஸ். அழிந்துபோகும் உயிரினங்கள் தம் இருப்பினாலேயே இறைவனை மாட்சிப்படுத்த இனி இயலாது போகிறதே என்று 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'லௌதாத்தோ சி' மடலில் வருந்தினார்.

அந்த விவசாயியிடம் நான் சொன்னது இதுதான்: கொடுமை என்பது தெரிந்து செய்யும் மனத்திற்கே உரியது, குளவிக்கு அந்த மனம் இல்லை. மாவுப்பூச்சியின் வேதனை ஏன் என்பதற்கு என்னிடம் முழு விடை இல்லை. படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் தவிக்கிறது என்ற பவுலடிகளாரின் சொல்லோடு நான் நின்றுவிடுகிறேன். ஆனால் நமக்கு மனம் உண்டு. பூச்சியைக் கண்டவுடன் மருந்துத் தெளிப்பானைத் தூக்கினால், நண்பனும் பகைவனும் ஒன்றாகவே மடிவர்.

தெளிக்குமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள். அந்த ஒரு நொடிப் பொறுமையும் படைத்தவருக்கு நாம் செலுத்தும் வணக்கமே.