அகத்தின் பிழை

மன்னிப்புக் கேட்பதற்கு நாள் குறிக்க முடியுமா? தவற்றை உணரும் கணமே அதற்குரிய வேளை என்று அறவுணர்வு கூறும். ஆனால் உணர்ந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் வாய் திறவாதிருப்பது மனித இயல்பு.

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் ரமலான் நோன்பு நிறைவுறும் பெருநாளை 'லெபாரான்' என்பர். முந்தைய இரவு தக்பீர் முழக்கமும் முரசொலியும் ஊரெங்கும் கேட்கும். குடும்பத்தில் ஒவ்வொருவருக்காகவும் ஏறத்தாழ 2.5 கிலோ அரிசி, தொழுகைக்கு முன்பே ஏழைகளுக்குக் கொடுக்கப்பட்டுவிடும். பிள்ளைகள் பெற்றோர் முன் மண்டியிட்டு, அவர்தம் மடியில் தலை தாழ்த்தி மன்னிப்பு வேண்டுவர். சுற்றத்தாரும் அண்டை வீட்டாரும் ஒருவருக்கொருவர், 'மோஹோன் மாஃப் லாஹிர் டான் பாதின்' என்பர். புறத்தாலும் அகத்தாலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள்க என்பது பொருள்.

யோக்யகர்த்தாவில் ஒரு வீட்டில் விருந்தினராகத் தங்கியிருந்த வெளிநாட்டவரிடமும் அவ்வீட்டு முதியவர் இதையே சொன்னார். "ஐயா, தாங்கள் எனக்கு எந்தத் தவறும் செய்யவில்லையே!" என்றார் விருந்தினர். பணிவான பதில்தான். ஆயினும் அவர் மனம் உறுத்தியது. இரவில் முரசொலியால் உறக்கம் கலைந்தபோது அவ்வீட்டாரையும் ஊராரையும் உள்ளத்தில் இகழ்ந்தவர் அவர். காலையில் அவர் முகத்தில் புன்னகையே இருந்தது. புறத்தே குற்றமில்லை, அகத்தே?

பிறர் அறியாத இகழ்ச்சியும் பொறாமையும்கூடப் பிழைகளே என்பதை 'பாதின்' என்ற சொல் நினைவூட்டுகிறது. இறைவனிடம் செய்த குறையை இறைவன் மன்னிப்பான்; மனிதனுக்கு இழைத்த தீங்கை அம்மனிதனும் மன்னித்தாக வேண்டும் என்பது இஸ்லாமிய அறநெறி. ஆகவேதான் ஒரு மாத நோன்பு அண்டை வீட்டு வாசலில் வந்து நிறைவு பெறுகிறது. தென்னங்குருத்தோலைப் பின்னலுக்குள் அரிசியை வேகவைக்கும் 'குப்பாட்' அன்றைய உணவு. பிழையை ஒப்புக்கொள்வதைக் குறிக்கும் 'ஙாக்கு லெப்பாட்' என்ற தொடரோடு அப்பெயரை ஜாவா மக்கள் இணைத்துப் பொருள் கூறுவர்.

வழக்கமாகச் சொல்லும் சொல்லில் உண்மை இருக்குமா? கூலியைக் கொடுக்காமல் மன்னிப்பு மட்டும் கேட்பவனிடம் இராது. ஆயினும், முதலில் யார் பேசுவது என்ற பிடிவாதமே பல உறவுகளைப் பிரித்து வைத்திருக்கிறது. எல்லாரும் தலை வணங்கும் நாளில் அந்தப் பிடிவாதத்துக்கு இடமில்லை. நாள் குறிப்பதன் பயன் இதுவே.

விருந்தினர் முதியவரிடம் திரும்பிச் சென்று, அதே சொற்களைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார். எதற்காக என்று முதியவர் கேட்கவில்லை.