இலவசமாகவா கிடைத்தது?



திருவிழாவுக்கு நம் இளைஞர்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் பழைய பொருள்களைப் பரப்பி வைத்திருந்தார்கள் அல்லவா, அதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன். பாதிப் பொருள்கள் உங்கள் வீட்டுப் பரணிலிருந்து இறங்கியவைதாம். மரச்சட்டம் போட்ட சிலேட்டு, அரிக்கேன் விளக்கு, பெரிய வால்வு ரேடியோ, அட்டை கிழிந்த அம்புலிமாமா, நீல நிற இன்லண்ட் கடிதம், ஓரம் வளைந்து வளைந்து வரும் பத்துக் காசு, தாமரை போட்ட மஞ்சள் இருபது காசு. எழுபதைத் தாண்டிய பெரியவர்கள்கூட அங்கே பிள்ளைகளாகிப் போனார்கள். கோவை இலையைக் கசக்கிச் சிலேட்டைத் துடைத்ததை ஒருவர் சொல்ல, புதுநன்மைக்குத் தைத்த சட்டையையே மூன்று கிறிஸ்துமசுக்குப் போட்டதை இன்னொருவர் சொல்ல, நேரம் போனதே தெரியவில்லை. அன்று மாலை செபமாலைக்கு மணி அடித்தபோது பாதிப் பேர் மண்டபத்தை விட்டு வரவில்லை. நானும் கோபித்துக்கொள்ளவில்லை.

பழையதை நினைத்து மகிழ்வது பாவமல்ல, பிள்ளைகளே. அது கடவுள் தந்த கொடை. வயிறு நிறையாத நாள்களையும் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறதென்றால், அதில் அவருடைய கை இருக்கிறது. தந்தி என்றாலே சாவு என்று பயந்து, பிரித்து வாசிக்கும் முன்பே தெருவே ஒப்பாரி வைத்த காலம் அது. 2013 சூலையில் அந்தத் தந்தியையே நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்தப் பயத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். காலம் கசப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிவிடுகிறது. நன்றிதான் சொல்லவேண்டும்.

ஆனாலும் அந்த மண்டபத்தில் நடந்த ஒரு சின்னக் காரியம் என்னை விடவில்லை. ஒரு மேசை ஓரத்தில் பீடி சுற்றும் சுளகு இருந்தது. கத்தரி, இலை வெட்டுகிற தகடு, நூல், எல்லாம் பக்கத்திலேயே. பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது வந்த ஒரு பாட்டியம்மா சுளகைப் பார்த்துவிட்டு நின்றார். “எய்யா, நீங்கள்லாம் சந்தோசமா பாக்கிய. இதப் பாத்தா எனக்கு முதுகு வலிக்கி” என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் யாரென்று நான் சொல்லமாட்டேன். இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்.

நம் பக்கத்தில் பீடிச் சுளகு தெரியாத வீடு ஏது? ஆலங்குளம், முக்கூடல், பாவூர்சத்திரம், தென்காசி, எங்கே போனாலும் திண்ணையில் பெண்கள் சுளகோடு உட்கார்ந்திருப்பார்கள். இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, தகட்டை வைத்து அளவாக வெட்டி, தூளைப் பரப்பி உருட்டி, நூல் கட்டி, நுனியை நகத்தால் மடக்கவேண்டும். ஆயிரம் சுற்றினால்தான் ஒரு நாள் கூலி. கடைக்குக் கொண்டுபோனால் பத்துக்கட்டைக் கழித்துத் தள்ளுவார்கள். இலை குறைந்தால் கைக்காசில் வாங்கி ஈடுகட்டவேண்டும். அந்தப் பாட்டியம்மா பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று சுளகை மடியில் வைத்தவர். அவருடைய தம்பிகள் இருவரும் படித்து வேலைக்குப் போனார்கள். தம்பிகள் இருவருக்கும் இலங்கை வானொலி என்றால் உயிர். எந்தப் பாட்டு எந்த நேரத்தில் வந்தது என்று இன்றைக்கும் சொல்வார்கள். அதே வீட்டில் அதே ரேடியோவுக்குப் பக்கத்தில்தான் அக்காவும் இருந்தார். அவர் பாட்டை முழுதாகக் கேட்டதில்லை, எண்ணிக்கை தப்பிவிடும் என்று. தம்பிகள்மீது அவருக்கு ஒரு குறையும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சகோதர சகோதரிகளே, நம் இளமைக் காலத்தை நினைக்கும்போது பொருள்கள் எல்லாம் ஒன்று விடாமல் நினைவுக்கு வருகின்றன. அவற்றை நம் கையில் கொண்டுவந்து சேர்த்தவர்கள் வருகிறார்களா?

வீட்டுக்குப் போனதும் எண்ணிக்கை நூலின் பதினோராம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். பாலைநிலத்தில் மன்னாவைத் தின்று சலித்துப்போன இஸ்ரயேல் மக்கள் எகிப்தை நினைத்து அழுகிறார்கள். நினைவுக்கு வருவது என்ன? மீன், வெள்ளரிக்காய், வெங்காயம், பூண்டு. அதிலும் அங்கே எல்லாம் இலவசமாகத் தின்றதாகச் சொல்கிறார்கள்! செங்கல் அறுத்தது நினைவில்லை. முதுகில் விழுந்த அடி நினைவில்லை. பிறந்த ஆண்பிள்ளைகளை நைல் ஆற்றில் எறியச்சொன்ன அரசனையும் மறந்தாயிற்று. நாக்குக்குத்தான் எவ்வளவு நீண்ட ஞாபகம்! வெங்காயம் இலவசமாகத்தான் வந்திருக்கும். அதற்கு விலை கொடுத்தது யார்?

நம்மிலும் பலர் இலவசமாகத் தின்று வளர்ந்தவர்கள்தாம். பள்ளிக்கூடத்து மஞ்சள் உப்புமாவின் ருசி என் வயதுக்காரர்கள் நாக்கை விட்டு இன்னும் போகவில்லை. 1956-இல் காமராசர் காலத்தில் மதிய உணவு வந்தது. பின்னால் 1960-களில் கேர் அமைப்பு வழியாக அமெரிக்காவிலிருந்து மக்காச்சோள ரவையும் பால்பவுடரும் எண்ணெயும் வந்து இறங்கின. கோவில்கள் வழியாகவும் கோதுமை வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கும்வரை அந்த உப்புமாதான் பல பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சாப்பாடு. சாக்கிலும் டின்னிலும் இரண்டு கைகள் பிடித்துக்கொண்டிருக்கும் படம் போட்டிருக்கும், நினைவிருக்கிறதா? சாக்கைப் பிரித்துப் பை தைத்தோம். டின்னுக்குக் கைப்பிடி வைத்துத் தண்ணீர் சுமந்தோம். கோதுமைக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்று நம்மைக் கேலி பேசினவர்களும் உண்டு. பேசட்டும், பசித்த பிள்ளைக்கு அதெல்லாம் காதில் விழாது. கொடுத்த நாட்டுக்கும் தனக்கென்று ஒரு கணக்கு இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கோதுமையை விளைவித்த உழவனுக்கு என்ன கணக்கு? விடிந்ததும் வந்து, புகையில் கண் எரிய எரிய அண்டாவைக் கிண்டின ஆயாவுக்கு என்ன கணக்கு? “நீங்க சாப்பிட்டீங்களா ஆயா” என்று அன்றைக்குக் கேட்ட பிள்ளை இங்கே யாராவது உண்டா?

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் என் மனச்சாட்சி குத்தும். பீடிச் சுளகு இருந்த அதே மேசையில் டீக்கடைக் கண்ணாடி டம்ளர் ஒன்றும் இருந்தது. சூடான டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் எல்லாருக்கும் நினைவு வந்தன. எல்லாருக்கும் அந்த டம்ளர்தான் கிடைத்ததா? சிலருக்குத் தனி டம்ளர், சில ஊர்களில் சிரட்டை. கடைக்காரரை மட்டும் சொல்லி என்ன? வடக்கன்குளம் கோவிலுக்குள்ளேயே சாதிகளைப் பிரித்துச் சுவர் நின்றது. 1910-இல் அதை இடித்தபோது விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. அந்தக் காலம் பொற்காலம் என்று நாம் சொல்லும்போது, சிரட்டையில் டீ குடித்தவரின் பிள்ளை நம் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்த நினைப்போடு பேசினால் போதும்.

மண்டபத்துப் பக்கமே வராதவர்களும் உண்டு. அரிக்கேன் விளக்கைப் பார்த்தால் அவர்களுக்கு, குடித்துவிட்டு வந்த அப்பா அதை உதைத்து உடைத்த இரவுதான் நினைவு வரும். மாற்றாந்தாய் வீட்டில் வளர்ந்தவர்கள், அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்த்து வளர்ந்தவர்கள், பிள்ளையாக இருந்தபோதே பிள்ளைத்தனத்தை இழந்தவர்கள் நம் பங்கில் இருக்கிறார்கள். சிலர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அழுதிருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாரும் இனிமையாகப் பேசும்போது உங்களால் சிரிக்க முடியாமற்போனால் அது உங்கள் குற்றமில்லை. பெற்ற தாயே பிள்ளையை மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்று எசாயா வாயிலாக ஆண்டவர் சொல்லியிருக்கிறார். அந்த இரவுகளில் நீங்கள் தனியாக இருந்ததாக நினைத்தீர்கள். அவர் கூடவே விழித்திருந்தார்.

எரேமியா இறைவாக்கினர் நூலின் இரண்டாம் அதிகாரம் எனக்கு மிகவும் பிடிக்கும். அதில் கடவுளே பழைய நாள்களை நினைத்து உருகுகிறார்! விதைக்கப்படாத பாலைநிலத்தில் இஸ்ரயேல் தம் பின்னால் நடந்து வந்ததையும், அதன் இளமைக்கால அன்பையும் நினைக்கிறார். எந்தப் பாலைநிலம் அது? வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் அவர்கள் அழுது முணுமுணுத்த அதே பாலைநிலம்தான். அந்த முணுமுணுப்பையெல்லாம் எங்கோ வைத்துவிட்டு, கூட நடந்து வந்த அன்பை மட்டும் எடுத்துச் சொல்கிறார். மக்கள் பட்ட பாட்டை மறந்து ருசியை நினைத்தார்கள். கடவுளோ தாம் பட்ட பாட்டை மறந்து அன்பை நினைக்கிறார். இருபத்தைந்தாம் திருப்பாடல் பாடியவர் துணிந்து மன்றாடியதும் இதற்காகத்தான்: என் இளமையின் பாவங்களை மறந்துவிடும், உம் இரக்கத்தை மட்டும் மறவாதேயும் என்கிற பொருளில் கேட்கிறார். நம் சிறுவயதை எடுத்துப் பார்க்கிற ஆண்டவருடைய கண் இப்படிப்பட்டது. பயப்படாதீர்கள்.

அந்தக் கண்ணோடு நாமும் பார்க்கப் பழகினால் என்ன? அக்கா சுற்றிய ஆயிரம் பீடியும், அப்பா செருப்பில்லாமல் நடந்த நடையும், சீமெண்ணெய்க்கு வரிசையில் நின்று அம்மா பட்ட பேச்சும் அப்போது தெரியத் தொடங்கும். கண் கலங்கும். கலங்கட்டும். உயிரோடு இல்லாதவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்குத்தானே இந்தப் பீடம்? தம்மை நினைத்து இதைச் செய்யும்படி ஆண்டவர் கேட்டார். நாம் இலவசமாகப் பெற்ற மீட்புக்கு முழு விலையும் கொடுத்தவர் அவர். கொடுத்தேன் என்று இதுவரை ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. நமக்காகச் செலவாகிப்போன அத்தனை பேரையும் அவருடைய காணிக்கையோடு சேர்த்து இந்தத் திருப்பலியில் வைப்போம். அப்பத்தையும் இரசத்தையும் நான் உயர்த்தும்போது அவர்கள் பெயரை மனத்துக்குள் சொல்லுங்கள். காலம் கடந்துவிட்டதே என்று வருந்தவேண்டாம். கடவுளிடம் நன்றிக்குக் காலக்கெடு இல்லை.

உயிரோடு இருப்பவர்களுக்கு இன்றே செய்யலாம். புனிதர்கள் சுவக்கீன், அன்னா திருநாள் சூலை 26-இல் வருகிறது. ஆண்டவர் இயேசுவின் தாத்தா பாட்டி அவர்கள். அதையொட்டித்தான் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-ஆம் ஆண்டு முதல் சூலை மாத நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாகக் கொண்டாடச் சொன்னார். அது இன்றுதான். இன்றைக்கு எல்லாரும் மாலை போட்டுப் படம் எடுப்பார்கள், அது இருக்கட்டும். எனக்கு வேண்டியது வேறு. பேரப்பிள்ளைகளே, பாட்டியிடம் போய் “அந்தக் காலத்துல என்ன விளையாடினீங்க” என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். “எதை விட்டுக்கொடுத்தீங்க பாட்டி” என்றும் கேளுங்கள். பதில் வர நேரமாகும். கைப்பேசியை வைத்துவிட்டுக் காத்திருங்கள். தம்பிமாரே, அக்கா வீட்டுப் படியேறிப் பல நாள் ஆகியிருந்தால் இன்று ஏறுங்கள். சொத்துத் தகராறு இருந்தாலும் ஏறுங்கள். வழக்கு ஒரு நாள் காத்திருக்கும், அக்காவின் வயது காத்திருக்காது.

நம் பங்கில் கோவிலுக்கு நடந்து வரமுடியாத பெரியவர்களின் பட்டியல் உபதேசியாரிடம் இருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் வாரக்கணக்கில் பேச்சுத்துணை இல்லாதவர்களும் அதில் உண்டு. திருப்பலி முடிந்ததும் வின்சென்ட் தே பவுல் சபையினர் நற்கருணையோடு அவர்கள் வீடுகளுக்குப் புறப்படுகிறார்கள். ஒவ்வோர் அன்பியமும் ஒரு வீட்டையாவது பொறுப்பெடுக்கவேண்டும். வண்டி வைத்திருக்கும் இளைஞர்கள் கொடிமரத்தடியில் நில்லுங்கள். இன்று போய்விட்டு நிறுத்திவிடாமல், ஆகஸ்டிலும் போக மனமுள்ளவர்கள் உபதேசியாரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.