இரு தெனாரியமும் எஞ்சிய செலவும்

செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியத்தைக் கண்டோர் அதன் பருத்த சுவர்களை வியப்பர். முற்றுகைக் காலத்தில் உண்ணும் வாய்கள் எத்தனை, தாங்க வேண்டிய நாள்கள் எத்தனை என்று எண்ணியே களஞ்சியங்கள் நிரப்பப்பட்டிருக்கும். முற்றுகை என்றேனும் முடியும் என்ற நம்பிக்கையே அக்கணக்கின் அடிப்படை. முடியாத முற்றுகைக்குக் கணக்கிடுவது எங்ஙனம்?

சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து படுக்கையில் கிடப்போர்க்கு நற்கருணை கொண்டு செல்லுந்தோறும் இக்கேள்வி நம்மை வாட்டுகிறது. படுக்கைப்புண் வாராதிருக்க இரண்டு மணிக்கொருமுறை மகனைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள் தாய். மருந்துக்கு ரசீது உண்டு. அவள் இழந்த உறக்கத்திற்கு ரசீது ஏது?

அரியானாவில் 2007ஆம் ஆண்டு டிராக்டரில் சென்ற 12 வயதுச் சிறுமி, லாரி மோதியதால் மூளை பாதிப்புற்று, கைக்குழந்தையின் நிலைக்கு ஆளானாள். அவளுக்குப் பணிவிடை செய்வதற்கு உயர் நீதிமன்றம் மாதம் 2,500 ரூபாய் வீதம் 44 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டது. உச்ச நீதிமன்றமோ, 2020 பிப்ரவரியில், பணியாளர் இருவர் தேவை எனக் கண்டு, ஆளுக்கு மாதம் 5,000 ரூபாயாக, ஆண்டுக்கு 1,20,000 ரூபாயை 18ஆல் பெருக்கி, 21,60,000 ரூபாய் வழங்கியது. 18 என்பது அவள் வாழவிருக்கும் ஆண்டுகளின் எண்ணிக்கை அன்று. மொத்தமாகக் கிடைக்கும் தொகை ஈட்டும் வட்டியையும் கருதி அமைந்த பெருக்கெண் அது.

தாயின் பணிவிடைக்கு விலை பேசுவது அன்பை இழிவுபடுத்தாதோ எனச் சிலர் வினவுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. தாய் கூலி கேளாள் என்பது உண்மை. ஆயினும் அவளது அன்பு, விபத்து விளைவித்தவர் பெறும் தள்ளுபடி ஆகலாகாது. மேலும், தாயும் ஒருநாள் மூப்படைவாள். அன்று கூலிக்கு ஆள் தேட வேண்டியவர் யார்?

லூக்கா நற்செய்தியில் நாம் காணும் நல்ல சமாரியர், சாவடிப் பொறுப்பாளரிடம் இரு தெனாரியம் கொடுக்கிறார். அக்காலத்தில் அது இரண்டு நாள் கூலி. அத்துடன் அவர் கணக்கை முடித்துக்கொள்ளவில்லை. மிகுதியாகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாக வாக்களிக்கிறார். தம் மதிப்பீடு பிழைபடக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

நம் சட்டத்திற்கோ அவ்வாறு திரும்பி வர வழியில்லை. இறுதித் தீர்ப்புக்குப்பின் கூடுதல் இழப்பீடு வழங்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமில்லை. ஆதலின் வருங்காலச் செலவையும் அப்போதே கருத வேண்டும் என உச்ச நீதிமன்றம் உரைத்துள்ளது. எனவே, தீர்ப்பாயத்தின் முன் கணக்கு வைப்போர், இரவுப் பணிவிடையையும் தாயின் முதுமையையும் விடாது சேர்த்தல் நீதியாகும்.

எத்துணை நேர்மையாகக் கணக்கிட்டாலும் எஞ்சி நிற்கும் செலவு ஒன்று உண்டு. அதைத் தீர்க்கத் திரும்பி வரவேண்டியவர் அயலாராகிய நாமே. மாதம் ஓர் இரவேனும் அப்படுக்கையருகே நாம் அமர்ந்தால், அந்தத் தாய் விடியும்வரை உறங்குவாள்.