தீனிக்குள் வெடி

பாலக்காடு மாவட்டம் மண்ணார்க்காட்டுப் பக்கம் வெள்ளியாற்றில் இறங்கிய ஒரு பெண் யானை, வாயையும் தும்பிக்கையையும் தண்ணீருக்குள் விட்டபடியே நின்றது. இரண்டு கும்கி யானைகள் வந்தும் கரையேற்ற முடியவில்லை. 2020 மே 27 அன்று நின்ற நிலையிலேயே உயிர் போயிற்று. வெடியில் வாய் சிதைந்து ஏறக்குறைய இரண்டு வாரம் அது எதையும் தின்னவில்லை என்றும், வயிற்றில் குட்டி இருந்தது என்றும் உடற்கூறாய்வு சொன்னது.

பன்றிக்குத்தான் வைத்தோம் என்பது இத்தகைய சாவுகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். தீனிக்குள் வெடியை ஒளித்து வைக்கும் இதற்குப் பன்னிப்படக்கம் என்பது அங்கே பெயர். பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அவுட்டுக்காய். பயிரைக் காக்க இதை வைக்கலாமா? கூடாது. 1908ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கின்றன என்பதால் மட்டுமல்ல. சட்டம் பிறப்பதற்கு முன்பே அறம் தடுத்துவிட்டது.

கடிப்பது யார் என்று காய்க்குத் தெரியாது. பன்றி கடிக்கலாம், மேயப்போன மாடு கடிக்கலாம், பொறுக்கியெடுத்த பிள்ளையின் கையிலும் வெடிக்கலாம். நற்றிணைப் பாட்டொன்றில், தினை மேயும் பன்றிக்காகப் புனத்தான் வைத்த கல்பொறியில் புலி அகப்படுகிறது. குறி தவறுவது பொறியின் இயல்பு என்பதை அன்றைக்கே கண்டுவிட்டார்கள். தெரியாமல் நடந்தது என்று தப்பவும் வழியில்லை. மனுநீதிச் சோழனின் மகன் கன்றைக் கொல்ல நினைத்துத் தேரோட்டவில்லை. ஆனாலும் தகப்பன் அவனை விடவில்லை. இருப்பதைப் பகிர்ந்து பல உயிரைக் காப்பதே அறங்களில் தலையானது என்கிறார் வள்ளுவர். உணவு கொடுப்பவர் உயிர் கொடுப்பவர் என்கிறது மணிமேகலை. அமுதசுரபி ஏந்திய மரபில் வந்தவர்கள் உணவைக் காட்டி உயிரை வாங்குவதை என்னவென்று சொல்வது?

விவசாயியின் வயிற்றெரிச்சல் பொய்யல்ல. இடுக்கியின் மறையூரில் கரும்பும் வட்டவடையில் கிழங்கும் ஒரே இரவில் போய்விடும். அதற்கும் வழி உண்டு. விளைச்சலை அழிக்கும் காட்டுப்பன்றியை உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரரைக் கொண்டு சுட உத்தரவிடும் அதிகாரத்தை, 2022இல் கேரள அரசு ஊராட்சித் தலைவர்களுக்கே கொடுத்தது. அந்த அனுமதியிலும் வெடியும் விஷமும் மின்சாரமும் விலக்கு. சுடுகிறவர் எதிரில் நிற்பது எதுவென்று பார்த்தாக வேண்டும் அல்லவா?

குறிஞ்சிப்பாட்டின் பெண்கள் தினைப்புனத்தில் தட்டை, குளிர் என்னும் கருவிகளால் ஒலியெழுப்பிக் கிளி ஓட்டினார்கள். காவல் என்றால் கண் விழிப்பது. பரண்மேல் இருப்பவனுக்குத் தூக்கம் கிடையாது. வெடி வைத்தவனோ வீட்டுக்குப் போய்த் தூங்குகிறான். அந்தத் தூக்கத்தில்தான் பாவம் இருக்கிறது.