நடக்க விடுவோமா?

மறதி நோயுற்ற முதியவர் இல்லத்தில் எழ முயலும்போதெல்லாம், "விழுந்துவிடுவீர்கள், உட்காருங்கள்" என்கிறோம். இது அன்பா, நம் அச்சமா?

நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009-இல் திறக்கப்பட்ட ஹோகவெய்க் இல்லம் இவ்வினாவுக்குச் செயலால் விடை தந்தது. அங்குத் தெருக்களும் சதுக்கமும் கடையும் உணவகமும் உண்டு. நோய் முற்றியவர்களும் அவற்றினூடே விரும்பியபடி உலவுகின்றனர். வழி மறந்தால் பணியாளர் துணை வருகின்றனர். வெளிவாயில் மட்டுமே காவலுக்குட்பட்டது.

விழும் ஆபத்து மெய்யே. முதுமையில் முறிந்த எலும்பு எளிதில் கூடுவதில்லை. ஆயினும் நாற்காலியிலேயே அமர்த்தப்பட்டவரின் தசைகள் மெலிகின்றன. உடலின் சமநிலை குன்றுகிறது. எழும் நாளில் அவர் விழுவதற்கு அதுவே ஏதுவாகிறது. காப்பென நாம் கருதியது கேடாய் முடிகிறது.

நடை, இழந்த நினைவை மீட்டுத் தரும் என்று நாம் சொல்லவில்லை. தம் பெயரையே மறந்தவரும் சன்னலருகே செல்ல விழைகிறார். அந்த விழைவு இன்னும் அவருடையது. அதை மதிக்க வேறு பயன் எதுவும் வேண்டியதில்லை. வேண்டியவை கைகொடுக்க ஓர் ஆளும், அவருடைய வேகத்தில் நடக்கச் சிறிது நேரமும். அவற்றைத் தர மனமில்லாதபோதுதான் 'பாதுகாப்பு' என்னும் சொல்லை நாடுகிறோமோ?