அந்நிய ஊரில் குடிபுகுதல்



பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட யூத சனங்களுக்கு எரேமியாஸ் தீர்க்கதரிசி ஒரு கடிதம் எழுதினார். இன்றோ நாளையோ ஊர் திரும்பலாமென்று மூட்டையும் கையுமாகக் காத்திருந்தவர்களுக்கு அவர் சொன்ன புத்தி ஆச்சரியமானது. அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கவும், தோட்டம் போடவும், அந்த ஊரின் க்ஷேமத்துக்காக மன்றாடவும் சொன்னார். உடலை அந்நிய ஊரில் வைத்துவிட்டு மனதை மூட்டைக்குள் கட்டிவைப்பது சர்வேசுரனுக்குப் பிரியமல்ல.

இதை இப்போது ஏன் சொல்லுகிறேன்? தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் நர்ஸ் வேலைக்கும் தொழிற்பயிற்சிக்கும் ஜெர்மனி போகிறார்கள். எல்லாரும் பட்டணத்தில் வாழ்வதில்லை. சிறிய ஊர் ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் வேலை கிடைத்து, கிராமத்தில் குடியிருப்போரும் உண்டு. அங்கே டிசம்பர் மாதத்தில் மாலை நாலரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை திறவாது, பஸ்ஸும் அரிது. அலைச் சத்தத்திலும் அண்டை வீட்டுப் பேச்சிலும் வளர்ந்த நெம்மேலிப் பிள்ளைக்கு அந்த நிசப்தம் நெஞ்சை அடைக்கும். "அம்மா, இங்கே என்னை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை" என்று டெலிபோனில் அழும்.

பெற்றோரே, அந்தப் பிள்ளைக்கு ஒன்று சொல்லுங்கள். நம் ஊரில் புதுக்குடி வந்தால் அக்கம்பக்கத்தார் தாமே வந்து விசாரிப்பார்கள். ஜெர்மனியிலோ, புதிதாய் வந்தவரே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "நான் இன்னார், இங்கே குடிவந்திருக்கிறேன்" என்று சொல்வது வழக்கம். இவர் அவர்கள் வரவேண்டுமென்று காத்திருப்பார். அவர்கள் இவர் வரவேண்டுமென்று காத்திருப்பார்கள். இப்படியே ஒரு குளிர்காலம் வீணாய்ப் போய்விடும். ஆகையால் முதல் வாரத்திலேயே ஒரு தட்டில் பலகாரத்தோடு போகட்டும். புதுவீடு புகுந்தவருக்கு ரொட்டியும் உப்பும் கொண்டுவந்து கொடுப்பது அவர்களுடைய பழைய மரபு. உப்பின் அருமை கடற்கரைக்காரருக்குத் தெரியாதா?

அவர்களுடைய ஒழுங்கையும் மதிக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வை அந்நாட்டு அரசியல் சட்டமே 1919 முதல் காத்துவருகிறது. அன்று சுவரில் ஆணி அடித்தால் பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பார்கள். இரவு பத்து மணிக்குமேல் சத்தம் கூடாது. குப்பையை வகைவகையாய்ப் பிரித்துப் போடவேண்டும். இவையும் பிறர்சிநேகத்தின் பாகமே.

அடுத்தது கோவில். ஒரே குருவானவர் பல கிராமங்களைக் கவனிப்பதால், எல்லா ஊரிலும் வாராவாரம் பூசை இராது. அங்கும் இதைப்போல் பங்குத் தாள் உண்டு. அதைக் கேட்டு வாங்கி, பூசை எந்த ஊரில் எத்தனை மணிக்கென்று பார்த்துக்கொள்ளட்டும். மூன்று இராசாக்கள் திருநாளையொட்டிச் சிறுவர்கள் வீடுவீடாய்ப் பாடிவந்து, கிறிஸ்துநாதர் இவ்வீட்டை ஆசீர்வதிக்கும்படி வாசல் நிலையில் சுண்ணக்கட்டியால் எழுதுவார்கள். அன்று கதவு திறந்திருக்கட்டும்.

இனி ஒரு எச்சரிக்கை. புதுவீடு புகுந்தவர் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் உள்ளூர்க் காரியாலயத்தில் விலாசத்தைப் பதியவேண்டும். அந்தப் படிவத்தில் மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்று எழுதினால் கோவில் வரி உண்டு: வருமான வரித் தொகையில் நூற்றுக்கு ஒன்பது, இரண்டு மாநிலங்களில் எட்டு. அது சம்பளத்தின்மேல் அல்ல, வரியின்மேல் விதிக்கப்படுவது. வருமான வரி கட்டாதவருக்குப் பொதுவாகக் கோவில் வரியும் இல்லை. "மதம் இல்லையென்று எழுதிவிடு, காசு மிச்சம்" என்று யோசனை சொல்வோர் இருப்பார்கள். அர்ச். இராயப்பர் பயத்தால் மறுதலித்து மனங்கசந்து அழுதார். நம் பிள்ளை சில்லறைக்காக மறுதலிக்கலாமா?

நமக்கு முன்னே போனவர்கள் உண்டு. 1983-க்குப் பின் இலங்கைத் தமிழர் பலர் அகதிகளாய் அந்நாட்டில் குடியேறினார்கள். ஹாலந்து எல்லையருகே கேவலார் என்னும் சிற்றூரில், கஸ்திப்படுவோருக்குத் தேற்றரவான தேவமாதாவின் ஸ்தலம் 1642 முதல் இருக்கிறது. ஆகஸ்டு மாதந்தோறும் ஆயிரக்கணக்கான தமிழர் அங்கே கூடுகிறார்கள். இந்து சகோதரரும் வருகிறார்கள். அந்நியருடைய திருத்தலம் அவர்களுக்குச் சொந்தத் தாய்வீடாயிற்று.

கடைசியாக, நமக்கும் ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கியபின், நம் கரையோரக் குடும்பங்கள் பல புதுவீடுகளுக்குக் குடிபோயின. சுவர் எழுந்ததும் அது வீடாகிவிட்டதா? அடுத்த வீட்டில் ஒரு பிடி உப்புக் கேட்டபோதல்லவா வீடாயிற்று! இன்று வடநாட்டுத் தொழிலாளர் நம் பக்கத்திலேயே வாடகைக்கு இருக்கிறார்கள். ஜெர்மனியில் நம் மகளை ஒருவரும் விசாரிக்கவில்லையென்று கண்ணீர் விடுகிற நாம், இவர்களில் ஒருவருடைய பெயரையாவது கேட்டோமா? அந்நியனாய் வந்து, தம்மை ஏற்றார்களா என்று தீர்வை நாளில் கேட்கப்போகிறவர் சேசுநாதரே.

எஜிப்து தேசத்தில் பரதேசிகளாய்க் குடியிருந்த திருக்குடும்பம், தூரதேசத்திலுள்ள நம் பிள்ளைகளையும், நம் நடுவிலுள்ள அந்நியரையும் காப்பாற்றுவதாக. ஆமென்.

உங்கள் பங்குக் குருவானவர்