மாத்திரை போட்டியா?

"மூளையில கெமிக்கல் கொஞ்சம் சரியில்ல, அவ்வளவுதான்." நம் வீடுகளில் இந்த வாக்கியம் இப்போது சாதாரணமாகிவிட்டது. என் பாட்டி காலத்தில் இதே இடத்தில் வேறு வாக்கியங்கள் இருந்தன. காத்துக் கருப்பு அடிச்சிருக்கு. யாரோ செஞ்சுவிட்டுட்டாங்க. வளர்த்த விதம் சரியில்ல. பள்ளியில் எங்களுக்கு இன்னும் சுருக்கமாக ஒரு வசை இருந்தது: தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் பேராக்கில் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் அது. எல்லா இனப் பிள்ளைகளும் ஒற்றுமையாகப் பயன்படுத்திய சில சொற்களில் அதுவும் ஒன்று. இவற்றோடு ஒப்பிட்டால் 'கெமிக்கல்' எவ்வளவோ தேவலாம். கெமிக்கலை வேப்பிலையால் அடிக்க மாட்டார்கள். கெமிக்கலுக்காக அம்மாவைக் குறை சொல்ல மாட்டார்கள்.

எனக்கு உறுத்துவது அந்த 'அவ்வளவுதான்'. காரணம் கிடைத்துவிட்டது, இனி அந்த ஆள் சொல்வதைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை என்ற நிம்மதி அதில் இருக்கிறது. 2014இல் மேத்யூ லெபோவிட்ஸ், வூ-கியோங் ஆன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க மனநல வல்லுநர்களிடம் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளைப் படிக்கக் கொடுத்தார்கள். நோய்க்குறிகள் ஒன்றுதான். விளக்கம் மட்டும் சிலவற்றில் மரபணு, மூளை என்று இருந்தது, சிலவற்றில் வாழ்க்கைச் சம்பவங்களாக இருந்தது. உயிரியல் விளக்கத்தைப் படித்தபோது வல்லுநர்களின் பரிவு குறைந்தது. நோயாளி மேல் பழி போடாமலிருக்க உதவும் என்று நாம் நம்பும் அதே விளக்கம்தான் இது. பயிற்சி பெற்றவர்களுக்கே இப்படி என்றால் மாமா, சித்தப்பாக்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

மூளை ஒரு பொருள்தான், அதன் வேதியியல் மாறினால் மனம் மாறும் என்பதை நான் முழுதாக ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொண்ட பிறகும் அந்த மூளைக்கு உரியவர் பேசுவதைப் பேச்சாகக் கேட்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. இதற்கு லித்தியத்தின் கதை உதவும். அது நமக்குப் பக்கத்தில், சாங்கியில் தொடங்குகிறது.

ஜான் கேட் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர். 1942இல் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்டு மூன்று வருடத்துக்கு மேல் சாங்கியில் போர்க்கைதியாக இருந்தார். சத்துக் குறைவால் சக கைதிகளின் மனம் தடுமாறுவதைப் பார்த்தவருக்கு, மனநோய்க்குப் பின்னால் உடலில் ஏதோ ஒரு பொருள் கூடியோ குறைந்தோ இருக்கிறது என்ற எண்ணம் அழுத்தமாக விழுந்தது. போர் முடிந்து மெல்பர்னில் உள்ள பண்டூரா மருத்துவமனைக்குத் திரும்பினார். பயன்படாமல் கிடந்த ஒரு சமையல் சாமான் அறைதான் ஆய்வுக்கூடம். மிகையெழுச்சியில் இருந்த நோயாளிகளின் சிறுநீரைச் சேகரித்து கினிப்பன்றிகளுக்கு ஊசி போட்டார். அதிலுள்ள ஏதோ நஞ்சுதான் காரணம் என்பது அவர் கணக்கு. யூரிக் அமிலத்தைச் சோதிக்க வேண்டியிருந்தது, அது தண்ணீரில் எளிதாகக் கரையாது. லித்தியத்தோடு சேர்ந்தால் கரையும். அந்த ஒரே காரணத்துக்காக லித்தியம் உள்ளே வந்தது. கினிப்பன்றிகள் சாதுவாகிப்போயின. மல்லாக்கப் போட்டால்கூட அப்படியே கிடந்தன.

கேட் முதலில் தானே லித்தியம் சாப்பிட்டுப் பார்த்தார். பிறகு 1948 மார்ச்சில், ஐந்து வருடமாக ஓயாத எழுச்சியில் இருந்த 51 வயது நோயாளி ஒருவருக்குக் கொடுத்தார். சில மாதங்களில் அவர் வீட்டுக்குப் போனார், பழைய வேலைக்கும் போனார். 1949இல் கேட்டின் கட்டுரை வெளிவந்தது. (மூளையின் முன்பகுதி நரம்பிழைகளை வெட்டும் அறுவை சிகிச்சைக்காக எகாஸ் மோனிஸுக்கு நோபல் பரிசு கொடுத்ததும் அதே வருடம்தான். எந்தப் பக்கம் கைத்தட்டல் அதிகமாக இருந்தது என்று பாருங்கள்.)

கேட்டின் கோட்பாடு தவறு. சிறுநீர் நஞ்சு என்று எதுவும் இல்லை. கினிப்பன்றிகள் அடங்கிக் கிடந்ததற்கு லித்தியம் அதிகமாகிப்போனதுகூடக் காரணமாக இருக்கலாம். ஆனால் மருந்து வேலை செய்தது, இன்றும் செய்கிறது. எப்படி வேலை செய்கிறது என்பதில் மட்டும் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

நான் தொழிற்சாலைப் பராமரிப்பில் வேலை செய்கிறவன், எனக்கு இது விநோதமாகப் படவில்லை. பம்ப் அதிர்ந்தால் அடியில் ரப்பர் வைப்போம், அதிர்வு அடங்கும். அதற்காக இந்தப் பம்புக்கு ரப்பர் பற்றாக்குறை என்று யாரும் ரிப்போர்ட் எழுதுவதில்லை. மனச்சோர்வு விஷயத்தில் அப்படித்தான் எழுதினோம். செரோடோனினைக் கூட்டும் மாத்திரை சிலருக்குக் கேட்கிறது, ஆகவே செரோடோனின் குறைவுதான் மனச்சோர்வு. 2022இல் ஜோவன்னா மான்கிரீஃபும் குழுவினரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அந்த முடிவுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றார்கள். உடனே மாத்திரையே ஏமாற்று வேலை என்று ஒரு கூட்டம் கிளம்பியது. இதுவும் அதே தப்புதான். ரப்பர் குறையவில்லை என்பதால் ரப்பர் உதவாது என்று ஆகிவிடாது. இதைப் படித்துவிட்டு யாரும் டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

கேட்டின் முதல் நோயாளிக்கு வருவோம். வெளியே போனவர் மருந்தை நிறுத்தினார், நோய் திரும்பியது, மீண்டும் மருந்து. 1950இல் இறந்துபோனார். லித்திய நச்சு. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே லித்தியத்தில் இடைவெளி மிகக் குறைவு. இன்றைய அளவில் ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை மருந்து, 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. இரத்தத்தில் அதை அளந்து கண்காணிக்கும் பழக்கம் 1950களில்தான் வந்தது. அதற்கு முன்னால் மருத்துவரிடம் இருந்த ஒரே கருவி நோயாளியின் உடலும் வாயும்தான். கை நடுங்குது, வாந்தி வருது, காலு தள்ளாடுது. இதைப் பைத்தியத்தின் புலம்பல் என்று ஒதுக்கினால் அவர் செத்துப்போவார்.

சொல் கணக்கில் வராத இடத்தில் உடல் மட்டும் மிஞ்சும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றி ஒரு சோதனை செய்தார். புழுங்கல் அரிசி சாப்பிடும் தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகவும், சயாம் வெள்ளை அரிசி சாப்பிடும் சீனர்களுக்கு அதிகமாகவும் வருவதை பிராடன் என்ற மருத்துவர் ஏற்கெனவே கவனித்திருந்தார். ஃபிளெட்சர் விடுதிக்காரர்களை வரிசையில் நிறுத்தி எண் சொல்ல வைத்தார். ஒற்றைப்படைக்கு வெள்ளை அரிசி, இரட்டைப்படைக்குப் புழுங்கல். ஏறக்குறைய ஒரு வருடம். வெள்ளை அரிசிப் பக்கத்தில் 18 பேர் இறந்தார்கள். அறிவியலாகப் பார்த்தால் அழகான சோதனை, பின்னால் பல உயிர்களைக் காப்பாற்றிய அறிவு. விடுதிக்காரர்கள் யாராவது எனக்கு மற்ற அரிசி கொடுங்கள் என்று கேட்டிருப்பார்களா? கேட்டிருந்தாலும் அது ஒரு பைத்தியம் அரிசி கேட்டதாகத்தானே இருந்திருக்கும்.

நம் இலக்கிய வட்டத்துக்கு இதற்கு நேர்மாறான வியாதி ஒன்று உண்டு. பைத்தியத்தை ஞானமாக்கிவிடுவது. மனநோயோடு போராடி 1984இல் தற்கொலை செய்துகொண்ட ஆத்மாநாமைப் பற்றிப் பேசும்போது சிலர் குரலில் ஒரு கிளர்ச்சி ஏறும், நோய்தான் கவிதையைக் கொடுத்தது என்பதுபோல. நோயோடு ஒரு வாரம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள்.

நான் இருந்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த நண்பன், பெயர் போடாதே என்ற ஒரே நிபந்தனையோடு இதை எழுதச் சொன்னான். அவனுக்கு பைபோலார், லித்தியம் எடுத்துக்கொள்கிறான். முதல்முறை நோய் வந்தபோது மூன்று இரவு தூங்காமல், விடியற்காலை மூன்று மணிக்கு ஹாலுக்குச் சாயம் அடித்தான். கடன் வாங்கி நான்கு மடிக்கணினி வாங்கினான். அதற்குப் பின் வந்த சோர்வில் ஐந்து மாதம் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அதில் ஞானம் எதையும் நான் பார்க்கவில்லை. லித்தியம்தான் அவனை மீட்டது.

போன வருடம் அவன் வேலை செய்யும் இடத்தில் இரண்டு மாத ஓவர்டைம் காசு தரவில்லை. வீட்டுக்கு வந்து கத்தியிருக்கிறான். அடுப்படியிலிருந்து அம்மா கேட்டது: "மாத்திரை போட்டியாப்பா?"

"எனக்குக் கோவமே வரக்கூடாதா மச்சான்?" என்று அன்று இரவு போனில் கேட்டான். "சிரிச்சாலும் பாக்குறாங்க, கத்துனாலும் பாக்குறாங்க. அது என் காசுடா."

அம்மாவைக் குற்றம் சொல்வது எளிது. முதல்முறை நோய் வந்தபோதும் அது மேலாளர் மேல் கோபமாகத்தான் ஆரம்பித்தது. அப்போது அவர் மகனை நம்பினார், இரண்டு வாரம் அவனோடு சேர்ந்து அந்த மேலாளரைத் திட்டினார். பிறகுதான் சாயம், கடன் எல்லாம். எரிச்சல் மிகையெழுச்சியின் ஆரம்ப அறிகுறி என்பது மருத்துவம் சொல்வதுதான், அம்மா அதை விலை கொடுத்துக் கற்றுக்கொண்டார். அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஒரு கோபத்துக்கு மூளையில் காரணம் இருப்பதும் உலகத்தில் காரணம் இருப்பதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் விஷயங்கள் இல்லை. என் கோபத்துக்கும் மூளையில் ஏதோ நடக்கத்தான் செய்கிறது, எனக்கு யாரும் அதைச் சொல்லிக்காட்டுவதில்லை. அவன் மாத்திரை போட்டானா என்பதற்கு இரத்தத்தில் பதில் இருக்கிறது. அவன் சொல்வது நிஜமா என்பதற்குச் சம்பளச் சீட்டைத்தான் பார்க்க வேண்டும். மாத்திரை போடாவிட்டாலும், ஏன், நோயின் உச்சத்தில் இருந்தாலும், தராத காசு தராத காசுதான். இரண்டு கேள்வியையும் கேட்கலாம். முதல் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுவதுதான் அவனைக் கொல்கிறது.

அவன் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறான், எனக்கு அது பிடிக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லித்திய அளவு பார்க்கும் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பர்ஸில் மடித்து வைத்துக்கொள்கிறான். வீட்டில் ஏதாவது பேச வேண்டியிருந்தால் முதலில் அதை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைக்கிறான். 0.7. கோபப்படுவதற்கு லைசென்ஸ் மாதிரி. போன தடவை அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பொறுமையாகப் படித்தாராம்.

"இது போன மாசம் எடுத்ததுதானே?"